4×5 கேமராவுக்குக் கட்டுப்படியான பழைய வைட் ஆங்கிள் லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முறை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு தெருமுனையில் முக்காலியை நிறுத்தி, எதிரே இருக்கும் ஓட்டு வீடுகளையும் அவற்றுக்குப் பின்னால் சுவர்போல எழும் கோட்டை மலையையும் ஒரே 4×5 அங்குல ஃபிலிமுக்குள் கொண்டுவர முயன்றவர்களுக்கு, கேமராவுடன் வந்த 150 மி.மீ. லென்ஸ் ஏன் போதாது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னால் நகர்ந்தால் முதுகில் இன்னொரு வீட்டுத் திண்ணை இடிக்கும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் வீட்டுச் சுவர்கள் ஒன்றை நோக்கி ஒன்று சரியும். அங்கே வேண்டியது, ஸ்டூடியோக்காரர்கள் வைட் ஆங்கிள் என்று சொல்லும் அகலக்கோண லென்ஸ். அதைப் புதிதாக வாங்க நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது என்பதால், 1950களிலிருந்து 1980கள் வரை செய்யப்பட்ட பழைய லென்ஸ்களுள் ஒன்றைப் பார்த்து வாங்கும் முறையை, 4×5 போன்ற பெரிய ஃபிலிம் கேமராக்களுக்கு, அதாவது லார்ஜ் ஃபார்மட்டுக்குப் புதியவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய முதல் வைட் ஆங்கிள், ஷ்னைடர் நிறுவனத்தின் 90 மி.மீ. ஆங்குலான். கண்ணாடி சுத்தமாக இருந்தது, பெயரும் பெரிய பெயர், விலையும் குறைவு. அதே தெருவில் மலை உச்சி சட்டத்துக்குள் வருவதற்காக, லென்ஸைத் தாங்கும் முன் பலகையை 20 மி.மீ. உயர்த்தி எடுத்த நான்கு ஃபிலிம்களிலும் மேல் மூலைகள் இரண்டும் இருண்டு, தெளிவின்றி இருந்தன. லென்ஸில் எந்தக் குறையும் இல்லை. அந்த வேலைக்கு அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான். பெயரையும் அபர்ச்சர் (ஒளித் துளை) எண்ணையும் பார்ப்பதற்கு முன், லென்ஸ் வீசும் பிம்ப வட்டத்தையும் ஷட்டரையும் பார்க்க வேண்டும் என்பதை நான்கு ஃபிலிம் செலவில் கற்றுக்கொண்டேன்.

முதற்படி: எவ்வளவு அகலம் வேண்டும்?

4×5 ஃபிலிமில் படம் விழும் பகுதி ஏறக்குறைய 96×120 மி.மீ.; அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 153 மி.மீ. 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் பழகியவர்கள் குவியத் தூரத்தை, அதாவது லென்ஸின் மி.மீ. எண்ணை, 3.5-ஆல் வகுத்துக்கொண்டால் போதும்: 120 மி.மீ. லென்ஸ் அங்கே 35 மி.மீ. போலவும், 90 மி.மீ. லென்ஸ் 26 மி.மீ. போலவும், 65 மி.மீ. லென்ஸ் 19 மி.மீ. போலவும் காட்டும். இதைவிட எளிய வழி ஒன்று நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. பெரும்பாலான கைபேசிகளின் முதன்மைக் கேமரா இதே கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரை இருப்பதால், அது காட்டும் அகலமும் 4×5-இல் 90 மி.மீ. காட்டும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றே. எனவே லென்ஸ் தேடுவதற்கு முன் ஒரு வாரம் கைபேசியோடு நீங்கள் படமெடுக்கப் போகும் இடங்களுக்குச் சென்று வாருங்கள். ஒகேனக்கல்லில் பரிசல் துறையிலிருந்து பாறைகளையும், அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தையும், ராயக்கோட்டை மலையடிவாரத்தையும் ஜூம் செய்யாமல் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான படங்கள் நிறைவாக இருந்தால் 90 மி.மீ. உங்களுக்கு ஏற்றது. ஓரங்களை வெட்டினால்தான் நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் 120 அல்லது 135 மி.மீ. போதும்; அவை மலிவு, பயன்படுத்தவும் எளிது.

65, 75 மி.மீ. லென்ஸ்களை முதல் வைட் ஆங்கிளாக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கேமராவின் பெல்லோஸ் (முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) அவ்வளவு குறுகாது, பின்பக்கம் பிம்பத்தைப் பார்த்துக் குவிக்கும் தேய்த்த கண்ணாடியில் மூலைகள் தெரியாது, ஓர இருளும் அதிகம். அதேபோல், நடுகற்களைப் பதிவு செய்வதே உங்கள் நோக்கமென்றால் வைட் ஆங்கிளே வேண்டாம். தருமபுரி அருங்காட்சியகத்தில் இருப்பவை போன்ற கற்களில் உள்ள வீரன் உருவத்தையும் எழுத்தையும் கிட்டத்தில் வைட் ஆங்கிளால் எடுத்தால் நடுப்பகுதி புடைத்தும் ஓரங்கள் இழுபட்டும் தெரியும். அதற்கு கேமராவுடன் வந்த 150 மி.மீ. லென்ஸே தகும். வயல் நடுவே நிற்கும் நடுகல்லைப் பின்னணி மலையோடு சேர்த்துக் காட்டுவது வேறு வேலை. அங்கேதான் 90 மி.மீ. பயன்படும்.

இரண்டாம் படி: பிம்ப வட்டத்தைக் கணக்கிடுதல்

லென்ஸ் ஃபிலிமின்மேல் வீசுவது வட்டமான பிம்பம். அந்த வட்டத்துக்குள் ஃபிலிமின் நான்கு மூலைகளும் அடங்க வேண்டும். முன் பலகையை உயர்த்தினாலோ சாய்த்தாலோ வட்டம் நகரும் என்பதால், அதற்கும் இடம் மிச்சமிருக்க வேண்டும். 153 மி.மீ.க்குக் குறைந்த வட்டம் 4×5-க்கு உதவாது. உற்பத்தியாளர்கள் இந்த அளவை வழக்கமாக எஃப் 22-இல், அதாவது அபர்ச்சரை நன்றாகச் சுருக்கிய நிலையில், தருவார்கள்; முழுத் திறப்பில் வட்டம் அதைவிடச் சிறியது.

ஆங்குலான் 90 மி.மீ. எஃப் 6.8-க்கு ஷ்னைடர் கொடுத்த அளவு 154 மி.மீ. அதாவது ஃபிலிம் மட்டுமட்டாக அடங்கும். உயர்த்துவதற்கு ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. அதே நிறுவனத்தின் சூப்பர் ஆங்குலான் 90 மி.மீ. எஃப் 8-க்கு 216 மி.மீ. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு கணக்கிட்டால், இந்த 216 மி.மீ. வட்டத்தில் ஃபிலிமைப் படுக்கை வாட்டில் வைக்கும்போது முன் பலகையை ஏறக்குறைய 41 மி.மீ. உயர்த்தலாம், நெட்டு வாட்டில் வைக்கும்போது 36 மி.மீ. உயர்த்தலாம். பல கேமராக்களின் பலகையே அதற்குமேல் உயராது. என் கோட்டை மலைப் படத்துக்குத் தேவைப்பட்ட 20 மி.மீ. இதில் தாராளமாக அடங்கியிருக்கும்.

சாய்ப்பதற்கும் இடம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மல்லசந்திரம் கல்திட்டைகளுக்கு முன்னால் கேமராவைத் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, காலடிப் பாறையிலிருந்து தொலைவுக் குன்று வரை தரை முழுவதும் தெளிவாக வர வேண்டுமென்றால், 90 மி.மீ. லென்ஸை ஏறக்குறைய 4 டிகிரி முன்னால் சாய்க்க வேண்டும். 4 டிகிரி அற்பமாகத் தோன்றும். ஆனால் அது பிம்ப வட்டத்தை 6 மி.மீ.க்குமேல் நகர்த்திவிடும். ஆங்குலானில் ஒரு பக்க மூலைகள் அப்போதே போய்விடும். ஏற்கெனவே ஆங்குலான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாற்றுவழி உண்டு: முன் பலகையை அசைக்காமல், ஃபிலிம் இருக்கும் பின்சட்டத்தைச் சாய்த்தால் வட்டம் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கும். முன்னால் உள்ள பொருளின் உருவம் சற்றுப் பெருத்துத் தெரியும். கல்லுக்கும் பாறைக்கும் அது கெடுதல் இல்லை.

சாய்க்காமலும் ஓரளவு சமாளிக்கலாம். 90 மி.மீ. லென்ஸை எஃப் 22-இல் வைத்து 3.8 மீட்டரில் குவித்தால், சுமார் 1.9 மீட்டரிலிருந்து தொலைவு வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும்.

மூன்றாம் படி: எந்தப் பெயர்களைத் தேடுவது?

உயர்த்தவும் சாய்க்கவும் தேவையில்லாதவர்கள், அதாவது நடந்து நடந்து நிலக்காட்சி எடுப்பவர்கள், ஆங்குலானைத் தயங்காமல் வாங்கலாம். உள்ளங்கையில் அடங்கும் அளவு சிறியது; கிரவுன் கிராஃபிக் போன்ற மடக்குக் கேமராவில் லென்ஸைக் கழற்றாமலே மூடிவிடலாம். 1930களிலிருந்து பல பத்தாண்டுகள் செய்யப்பட்டதால் ஒன்றுக்கொன்று தரத்தில் வேறுபாடு உண்டு. எனவே எஃப் 22-இல் சோதித்துப் பார்த்த படம் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். அமெரிக்காவின் வோலன்சாக் செய்த 90 மி.மீ. எஃப் 6.8 வைட் ஆங்கிள் ராப்டார், கிராஃபிளெக்ஸ் பெயரில் வந்த 90 மி.மீ. வைட் ஆங்கிள் ஆப்டார் ஆகியவையும் இதே வகுப்பைச் சேர்ந்தவை. கோடாக்கின் 100 மி.மீ. எஃப் 6.3 வைட் ஃபீல்டு எக்டார் இவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் தரும், படமும் இனிமையானது. கோடாக் லென்ஸின் வயதை அறிய ஓர் எளிய குறிப்பு உண்டு. ‘கேமரோசிட்டி’ (CAMEROSITY) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9 வரையும் பிறகு 0 என்றும் எண்களைக் குறிக்கும். வரிசை எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளே ஆண்டு. முன்னால் ‘ஈ’ (E), ‘ஐ’ (I) என்ற எழுத்துகள் இருந்தால் 4, 8, அதாவது 1948.

கட்டடம், கோயில், தெரு என்று போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 90 மி.மீ. எஃப் 8 லென்ஸ்களையே. சூப்பர் ஆங்குலான் எஃப் 8, ஃபுஜினான் எஸ்டபிள்யூ எஃப் 8 ஆகிய இரண்டுக்கும் வட்டம் 216 மி.மீ.; நிக்கோர் எஸ்டபிள்யூ எஃப் 8-க்கு 235 மி.மீ. ரோடன்ஸ்டாக் கிராண்டகான்-N எஃப் 6.8-க்கு 221 மி.மீ. நான்கில் எதுவானாலும் உங்கள் முதல் பத்தாண்டுக்குப் போதும். எஃப் 5.6, எஃப் 4.5 லென்ஸ்கள் தேய்த்த கண்ணாடியில் வெளிச்சமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் படம் எடுப்பது எப்படியும் எஃப் 22-இல்தான். அந்த வெளிச்சத்துக்காக இன்னும் அதிக விலையும் மலையேறும்போது இன்னும் அதிக எடையும் தர வேண்டியிருக்கும். இருண்ட மண்டபத்தில் எஃப் 8-இல் குவிக்க, தூணருகே கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு அந்த ஒளிப் புள்ளியைக் குவித்தால் போதும்.

ஒரே கண்ணாடி வேறு பெயரில் மலிவாகக் கிடைப்பதும் உண்டு. கேலுமெட் நிறுவனம் கால்டார் என்ற பெயரில் விற்றவற்றுள் கால்டார் II-N வரிசை ரோடன்ஸ்டாக் செய்தது. கால்டார் S-II வரிசை ஷ்னைடர் செய்தது. ஃபுஜினானில் முன் வளையத்தின் உட்பக்கம் எழுத்துகள் இருந்தால் கண்ணாடியில் எதிரொளியைக் குறைக்கும் ஒற்றைப் பூச்சு, வெளிப்பக்கம் இருந்தால் பிற்காலப் பல்பூச்சு. ஒற்றைப் பூச்சு உள்ளதைக் கண்டு ஒதுக்க வேண்டாம். சூரியனை நோக்கி எடுக்கும்போது ஒரு தொப்பியால் நிழல் கொடுத்தால் வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

சில ஏமாற்றங்களை முன்கூட்டியே தவிர்க்கலாம். ‘ஆங்குலான்’ என்று மட்டும் எழுதி விற்பவரிடம், சூப்பரா இல்லையா என்று கேட்டு, வளையத்தின் படத்தை வாங்கிப் பாருங்கள். மாமியா பிரெஸ் போன்ற 6×9 கேமராக்களின் 90 மி.மீ. லென்ஸ் 4×5-ஐ நிறைக்காது. சைனார் கேமராக்களின் டிபி வகை லென்ஸ்கள் மிக மலிவாக வருவதற்குக் காரணம், அவற்றில் ஷட்டரே இல்லை. நம் ஊர் பழைய ஸ்டூடியோக்களில் பரணில் கிடக்கும் பித்தளை லென்ஸ்கள் அழகானவை. ஆனால் பெரும்பாலும் உருவப்படத்துக்காகச் செய்யப்பட்ட நீண்ட குவியத் தூரம் கொண்டவை. ஐயமிருந்தால், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் தொலைவு மரத்தின் பிம்பத்தைத் தெளிவாக விழவைத்து, லென்ஸின் நடுவிலிருந்து சுவர்வரை அளந்து பாருங்கள். அந்தத் தொலைவே ஏறத்தாழ அதன் குவியத் தூரம்.

நான்காம் படி: உங்கள் கேமராவில் அமருமா?

90 மி.மீ. லென்ஸைத் தொலைவுக்குக் குவிக்க, லென்ஸ் பலகைக்கும் ஃபிலிமுக்கும் இடையே ஏறக்குறைய 95 முதல் 100 மி.மீ. வரை இருக்கும். உங்கள் பெல்லோஸை முழுவதும் சுருக்கி ஓர் அளவுகோலால் அளந்து பாருங்கள். அவ்வளவு நெருங்கினாலும், சுருங்கிய பெல்லோஸ் விறைத்துக்கொண்டு பலகையை உயர்த்தவிடாது. அப்போது உள்குழிந்த லென்ஸ் பலகையோ பை போன்ற தளர்வான பெல்லோஸோ வேண்டும். வாங்கும் முன்பே விற்பவரிடம் பின்பக்கக் கண்ணாடியின் விட்டத்தைக் கேட்டு, உங்கள் கேமராவின் முன் வாயில் அது நுழையுமா என்று பாருங்கள்.

ஷட்டரைப் பொருத்த லென்ஸ் பலகையில் வேண்டிய துளை, கோப்பல் நிறுவன ஷட்டர்களில் 0 அளவுக்கு ஏறக்குறைய 35 மி.மீ., 1 அளவுக்கு ஏறக்குறைய 42 மி.மீ. நான் சொன்ன எஃப் 8 லென்ஸ்கள் பெரும்பாலும் 0 அளவில்தான் வரும். பலகை உடன் வராவிட்டால் கவலை இல்லை. ஓசூரில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. உங்கள் பழைய பலகையை மாதிரிக்குக் கொடுத்து, அதே கனத்தில் அலுமினியத் தகட்டில் துளையிட்டுத் தரச் சொல்லலாம். துளையின் அளவை வாயால் சொல்லாதீர்கள். ஷட்டரையே கொண்டுபோய்க் காலிப்பரால் அளக்கச் செய்யுங்கள். பட்டறைக்காரர், “இது எதுக்கு சார், இவ்வளவு சுத்தமா வேணும்?” என்று கேட்டால், வெளிச்சம் கசியக்கூடாது என்று சொன்னால் போதும், அவர் புரிந்துகொள்வார். உட்பக்கத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடிக்க மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கையில் வாங்கிப் பார்த்தல்

முதலில் ஷட்டரைப் பாருங்கள். லார்ஜ் ஃபார்மட்டில் 1/500 நொடி நமக்கு வேண்டியதே இல்லை. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 22-இல் 1/50 நொடி. நிழலிலும் மண்டபத்திலும் 1/8-லிருந்து 1 நொடியும் அதற்கு மேலும் போகும். எனவே மெதுவான வேகங்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்பதே கேள்வி. கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, 1 நொடியில் ஷட்டர் திறக்கும் ஓசைக்கும் மூடும் ஓசைக்கும் இடைவெளியை அளக்கலாம். 1/2, 1/4 வரை இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். 1 நொடி என்பது 1.3 நொடியாக இருந்தால் பரவாயில்லை, எப்போதும் அதே அளவாக இருக்கும்வரை. ஒருமுறை 1, ஒருமுறை 2, ஒருமுறை திறந்தபடியே நிற்பது என்றால் உள்ளே பழைய கிரீஸ் உறைந்திருக்கிறது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்ய ஆகும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அவசரப்பட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அது இதழ்களில் பரவி மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

பிறகு கண்ணாடி. ஷட்டரையும் அபர்ச்சரையும் முழுவதும் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சில தூசிகளும் மெல்லிய துடைப்புக் கீறல்களும் படத்தில் தெரியாது. ஷ்னைடர் லென்ஸ்களில் உள் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிவது, கறுப்புப் பூச்சு உதிர்ந்ததால். படத்துக்குக் கெடுதல் அரிது, பேரத்துக்கு நல்லது. சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் பெட்டிக்குள் வெகுநாள் அடைந்து கிடந்தவற்றில் இதை நிறையப் பார்க்கலாம். நம் பக்கத்துக் காற்று உலர்ந்தது என்றாலும், ஏற்கெனவே பிடித்த பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். ஓரத்தில் வானவில் நிறத் திட்டு தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று பொருள். அது நடுவரை பரவியிருந்தால் விட்டுவிடுங்கள். முழுவதும் மூடுபனி படர்ந்ததுபோல் இருப்பதே எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் படத்தின் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும்.

முன், பின் கண்ணாடித் தொகுதிகளைக் கழற்றும்போது ஷட்டருக்கும் தொகுதிக்கும் இடையே மெல்லிய வளையத் தகடு இருந்தால் அதை அதே இடத்தில் வையுங்கள். இடைவெளி மாறினால் மூலைத் தெளிவு போய்விடும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேர்ந்த தொகையையே விலையாகக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெங்களூரிலேயே நேரில் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று பிறகு வருந்த நேரிடும்.

ஓர இருள் பற்றிச் சுருக்கமாக

எந்த வைட் ஆங்கிளிலும் மூலைகளுக்கு வெளிச்சம் குறைவாகவே போகும். 90 மி.மீ.யில், பழைய ஆங்குலான் வகையில் மூலையில் ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). சூப்பர் ஆங்குலான் வகையில் ஒன்றுக்குச் சற்றுமேல். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இதை அச்சிடும்போது சரிசெய்துவிடலாம். நடுவில் கறுத்த சென்டர் ஃபில்டர் ஸ்லைடு ஃபிலிம் எடுப்பவர்களுக்கு வேண்டியது. அதன் விலை சில வேளை லென்ஸின் விலையை எட்டும் என்பதால் இப்போதைக்கு மறந்துவிடலாம்.

கடைசிப் படி: வந்த பிறகு சோதனை

தேய்த்த கண்ணாடியின் மூலைகள் வெட்டப்பட்டிருந்தால், அந்தத் துளை வழியே லென்ஸைப் பாருங்கள். அபர்ச்சர் முழு வடிவில் தெரிந்தால் அந்த மூலைக்கு ஒளி சரியாகப் போகிறது. பிறைபோல் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், முழுதாகத் தெரியும்வரை அபர்ச்சரைச் சுருக்குங்கள். பிறகு முன் பலகையை 5 மி.மீ. வீதம் உயர்த்தி மீண்டும் மீண்டும் பாருங்கள். இதற்கு ஒரு ஃபிலிம்கூடச் செலவாகாது.

அடுத்து ஒரு படம். விலை கூடிய ஃபிலிமை இதற்கு வீணாக்க வேண்டாம். மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும், பச்சை ஒளியை உணரும் எக்ஸ்ரே ஃபிலிமைச் சிவப்பு விளக்கில் 4×5 அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் இரு பக்கமும் பூச்சு இருப்பதால் கழுவும்போது எளிதில் கீறல் விழும், கவனம். மூலைவரை நுணுக்கம் நிறைந்த ஏதாவதொன்றை, செங்கல் சுவரையோ இலை அடர்ந்த மாந்தோப்பையோ, கேமராவின் பின்சட்டம் அதற்கு இணையாக இருக்கும்படி வைத்து, எஃப் 16, 22, 32 ஆகிய மூன்றிலும் பலகையை உயர்த்தாமல் ஒன்றும் 20 மி.மீ. உயர்த்தி ஒன்றுமாக எடுங்கள். கழுவிய ஆறு நெகட்டிவ்களின் மூலைகளையும் லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்து, எந்த அபர்ச்சரில் எவ்வளவு உயர்த்தலாம் என்பதையும், ஒலிப்பதிவில் அளந்த உண்மையான ஷட்டர் வேகங்களையும் ஒரு சிறு காகிதத்தில் எழுதி, லென்ஸ் பலகையின் வெளிப்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.